கையெழுத்துப் போடாத மூன்றாவது ஆள்: ஸ்ரீபெரும்புதூர் செல்போன் தொழிற்சாலைகளின் இருபது வருஷக் கதை

பி.காம். படிக்கிற எல்லாருக்கும் வணிகச் சட்டம் என்று ஒரு தாள் உண்டு. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஆரம்பிக்கும். அதில் அடிக்கடி வருகிற ஒரு ஐந்து மார்க் கேள்வி: "ஒப்பந்தத்துக்கு அந்நியர் வழக்குத் தொடர முடியுமா?" பதில்: முடியாது. நீங்களும் நானும் ஒரு ஒப்பந்தம் போடுகிறோம். அதனால் மூன்றாவது ஆள் ஒருத்தருக்கு எவ்வளவு லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும், அவர் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. 1969-ல் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. அறக்கட்டளை, குடும்ப ஏற்பாடு என்று சில விதிவிலக்குகள் உண்டு. மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு மறந்துவிடுவோம்.

நம்ம தமிழ்நாட்டு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தபோது எனக்கு இந்த ஐந்து மார்க் கேள்விதான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. கம்பெனியும் அரசாங்கமும் ஒப்பந்தம் போடுகிறார்கள். கம்பெனியும் இன்னொரு கம்பெனியும் போடுகிறார்கள். கம்பெனியும் காண்ட்ராக்டரும் போடுகிறார்கள். எல்லா ஒப்பந்தமும் யாருடைய உழைப்பை நம்பிப் போடப்படுகிறதோ, அந்த ஆளின் கையெழுத்து மட்டும் எதிலும் இல்லை. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊருக்கு இதில் என்ன சம்பந்தம்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேர் சொல்லும்படி செல்போன் தொழிற்சாலை எதுவும் கிடையாது. ஆனால் டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்த நம்ம ஊர்ப் பிள்ளைகள் நாகர்கோவில் ஜங்ஷனிலோ வடசேரி பஸ் ஸ்டாண்டிலோ பெட்டியோடு ஏறி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போய் இறங்குவது ஒன்றும் புது விஷயம் இல்லை. எல்லார் தெருவிலும் அப்படி ஒரு அண்ணனோ அக்காவோ இருப்பார்கள்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு, அது இன்னும் பழையது. மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பக்கத்து ஆட்களுக்கு "அண்டி ஆபீஸ்" என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: முந்திரிப் பருப்புத் தொழிற்சாலை. தொழிற்சாலையை ஏன் ஆபீஸ் என்கிறோம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது :-) இந்தத் தொழிலின் தலைநகரம் கொல்லம். கேரளத்தில் முந்திரித் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வந்தது, யூனியன்கள் பலமாயின. உடனே முதலாளிகள் பலர் 1960, 70-களில் தங்கள் வேலையை எல்லை தாண்டி இங்கே கொண்டுவந்தார்கள். இங்கே கூலி குறைவு, கேட்க ஆள் குறைவு. கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து வரும், பருப்பு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும். நடுவில் அண்டி எண்ணெய் பட்டு விரல் கறுத்துப்போகிறவர்கள் நம்ம ஊர்ப் பெண்கள். அந்தப் பக்கம் வேலை போனவர்களும் பெண்கள்தான், இந்தப் பக்கம் குறைந்த கூலிக்கு வேலை கிடைத்தவர்களும் பெண்கள்தான். இரண்டு பேரையும் யாரும் கேட்டு முடிவெடுக்கவில்லை.

ஆக, கூலி குறைந்த இடம் தேடி மூலதனம் நகர்வது என்றால் என்ன என்று நமக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்டி ஆபீஸ் நடந்தது எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். செல்போனில் அதே விஷயம் பின்லாந்துக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் நடுவில் நடந்தது.

நோக்கியா வந்த கதை

2005-க்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் என்றால் தமிழர்களுக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று, ராமானுஜர் பிறந்த ஊர். இரண்டு, 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1990-களின் கடைசியில் ஹூண்டாய் வந்தது. சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், துறைமுகமும் விமான நிலையமும் பக்கத்தில், பெங்களூர் நெடுஞ்சாலை வாசலில். கம்பெனிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2005 ஏப்ரலில் தமிழக அரசுக்கும் நோக்கியாவுக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. சிப்காட் நிலம், வரிச் சலுகைகள், சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று எல்லாம் கிடைத்தன. 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கிவிட்டது. ஒரு வருஷத்துக்குள் காலி நிலத்திலிருந்து செல்போன்! ஃபாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ், லேர்ட் போன்ற உதிரிபாகக் கம்பெனிகளும் அதே வளாகத்துக்குள் வந்து உட்கார்ந்தன.

இதற்குப் பின்னால் எல்லாரும் பேசாத இரண்டு சட்ட விஷயங்கள் உண்டு.

முதலாவது, ராத்திரி ஷிப்ட். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-வது பிரிவு, இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று ரத்து செய்தது. போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை என்று நிபந்தனைகளும் விதித்தது. அந்தத் தீர்ப்பு பெண்களுக்கு வேலை வாய்ப்பைத் திறந்துவிட்டது என்பது உண்மை. மூன்று ஷிப்டும் பெண்களை வைத்து ஓட்டும் அசெம்ப்ளி லைன் தமிழ்நாட்டில் சாத்தியமானதற்கும் அந்தத் தீர்ப்பு ஒரு காரணம். செல்போன் ஆலைகளின் பெரும்பாலான தொழிலாளர்கள் பிளஸ் டூ முடித்த, இருபது வயதையொட்டிய பெண்கள்.

இரண்டாவது, "பொதுப் பயன்பாட்டுச் சேவை" என்ற முத்திரை. 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் தண்ணீர், மின்சாரம், ரயில் போன்றவைக்கு இந்தப் பேர். நின்றுபோனால் ஊரே தவிக்கும் என்பதால் அங்கே வேலைநிறுத்தம் செய்ய முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் 14 நாள் காத்திருக்க வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும் நிறுத்தக்கூடாது. நோக்கியா மண்டலத்துக்கும் இந்த அந்தஸ்து கொடுப்பதாக அரசு ஒப்புக்கொண்டது. செல்போன் செய்கிற இடம் தண்ணீர் சப்ளை மாதிரி ஆகிவிட்டது. முதல் தொழிலாளி உள்ளே காலடி வைப்பதற்கு முன்பே அவர் எப்படிப் போராடலாம், எப்படிப் போராடக்கூடாது என்று மற்ற இரண்டு பேர் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் முதல்முறையாக ஆஜர்!

ஓடிய வருஷங்கள்

நியாயமாகப் பேசுவோம். அந்தத் தொழிற்சாலை நிறைய பேர் வீட்டில் அடுப்பெரிய வைத்தது. கிராமத்திலிருந்து வந்த பெண்கள் சொந்தச் சம்பளத்தைச் சொந்தக் கையில் வாங்கினார்கள். தம்பி தங்கையைப் படிக்க வைத்தார்கள். 2006 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 9 கோடியாக இருந்த செல்போன் இணைப்புகள், 2014 மார்ச்சில் சுமார் 90 கோடி. இந்தப் பத்து மடங்கு வளர்ச்சிக்கு நடுவில்தான் அந்த அசெம்ப்ளி லைன் ஓடியது. நேரடித் தொழிலாளர்கள் மட்டும் உச்சத்தில் எட்டாயிரம் பேரைத் தொட்டார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் தனி.

ஆனால் உற்பத்தி ஏறிய வேகத்தில் சம்பளம் ஏறவில்லை என்பதுதான் தொழிலாளர்களின் குறை. "டிரெய்னி" என்ற பேரில் நீளும் காலம், ஷிப்ட் டார்கெட், காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வேறு சம்பளம். 2009 ஆகஸ்டில் நோக்கியாவில் வேலைநிறுத்தம். 2010 ஜனவரியிலும் ஜூலையிலும் மறுபடி. பொதுப் பயன்பாட்டு முத்திரை இருந்தும் மூன்று தடவை!

2010 இந்த வரலாற்றில் முக்கியமான வருஷம். அந்த வருஷம் சீனாவின் ஷென்ஜென் நகரத்து ஃபாக்ஸ்கான் வளாகத்தில் இளம் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் பற்றியே எழுதின. அதே 2010 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் சுமார் 250 தொழிலாளர்கள் மயக்கமும் மூச்சுத் திணறலுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பூச்சிமருந்து அடித்ததுதான் காரணம் என்று பேச்சு. செப்டம்பரில் சம்பளத்துக்காகவும், தங்கள் சி.ஐ.டி.யு. சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டும் வேலைநிறுத்தம் தொடங்கியது. நிர்வாகம் தொ.மு.ச. சார்ந்த சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. அக்டோபரில் 300-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களும் சி.ஐ.டி.யு. தலைவர் அ.சவுந்தரராசனும் கைது செய்யப்பட்டார்கள்.

அந்த அக்டோபர் கடைசியில், நோக்கியா ஆலையில், இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய ஒரு பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்தார். பேனல் லோடர் என்கிற, சர்க்யூட் பலகைகளைத் தூக்கி வைக்கும் இயந்திரம். மாட்டிக்கொண்ட பலகையை எடுக்கப் போனபோது இயந்திரம் அவர் கழுத்தைப் பிடித்துவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் தொழில் என்றாலே ஏசி, வெள்ளைக் கோட்டு, தூசி இல்லாத அறை என்றுதான் நாம் நினைக்கிறோம். சுரங்கமோ பட்டாசு ஆலையோ மாதிரி ஆபத்தான இடமாக யாருக்கும் தோன்றாது. ஆனால் டார்கெட் ஓடிக்கொண்டிருக்கும்போது இயந்திரம் மாட்டிக்கொண்டால், நிறுத்திவிட்டு ஆள் கூப்பிடுவதா, கையை விட்டு எடுப்பதா என்று அந்த இடத்தில் நிற்கிறவர் சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் தன்னை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்க வேண்டும். பாதுகாப்பு என்பதன் பாதி அந்த நம்பிக்கைதான்.

நடத்தை விதிகள் இல்லாமல் இல்லை

"இதற்கெல்லாம் விதிமுறை கிடையாதா?" என்று கேட்பீர்கள். இருந்தது. 2004-லேயே எச்.பி., டெல், ஐ.பி.எம். முதலான கம்பெனிகள் சேர்ந்து எலக்ட்ரானிக்ஸ் தொழிலுக்கு என்று ஒரு நடத்தை விதித் தொகுப்பு வெளியிட்டன. அந்த அமைப்புதான் 2017-ல் "பொறுப்பான வணிகக் கூட்டமைப்பு" என்று பேர் மாற்றிக்கொண்டது. வாரத்துக்கு ஓவர்டைமோடு சேர்த்து 60 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு, சின்னப் பிள்ளைகளை வைக்கக்கூடாது என்று எல்லாம் இருக்கிறது. நல்ல விதிகள்தான்.

ஆனால் ஒரு வணிகவியல் மாணவனாகப் பார்த்தால், இந்த விதிகளும் ஒப்பந்தமே. பிராண்ட் கம்பெனி தன் சப்ளையரிடம் கேட்கிறது, சப்ளையர் சரி என்கிறார். மீறினால் கேட்க வேண்டியவர் பிராண்ட் கம்பெனி. தொழிலாளி அதைக் காட்டி நேரடியாக எதையும் கேட்க முடியாது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை தணிக்கையாளர் வருவார். நாம் ஆடிட்டிங் தாளில் படிக்கிறோமே, தணிக்கையாளர் காவல் நாய்தான், மோப்ப நாய் இல்லை என்று. இங்கேயும் அதே கதைதான். காட்டியதைப் பார்ப்பார், எழுதுவார், போவார். விலையைக் குறை, நாளைக்கே சரக்கு வேண்டும் என்று அழுத்துகிற அதே பிராண்ட், ஓவர்டைம் ஏன் கூடுகிறது என்றும் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டுகிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

2014 நவம்பர் 1

நவம்பர் 1 என்றால் எங்கள் மாவட்டத்துக்குத் தனி நாள். 1956-ல் அன்றுதான் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தோம். 2014-ல் அதே நவம்பர் 1-ல் தான் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றது.

எப்படி நின்றது? நம்ம பாடம்தான், வருமான வரி! நோக்கியா இந்தியா, போனில் ஏற்றும் மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்பி வந்தது. 2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. அது ராயல்டி, டி.டி.எஸ். பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை என்று சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்டது. கம்பெனி மறுத்தது. 2013 செப்டம்பரில் நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்குச் சுமார் 720 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. வரி பாக்கிக்காகச் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 மார்ச்சில், 3,500 கோடி ரூபாய் உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்த நோக்கியாவின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே சமயம் தமிழக வணிகவரித் துறையும், ஏற்றுமதி என்று கணக்குக் காட்டியதை ஏற்காமல், சுமார் 2,400 கோடி ரூபாய் கேட்டது.

2014 ஏப்ரல் 25-ல் மைக்ரோசாஃப்ட் விற்பனை முடிந்தது. மற்ற ஆலைகள் பல கைமாறின, ஸ்ரீபெரும்புதூர் வழக்கில் மாட்டி நோக்கியாவிடமே நின்றுவிட்டது. சிறிது காலம் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதும் ஆலைக்கு வேலை இல்லை. அந்த ஏப்ரலில் சுமார் 6,600 பேர் இருந்தார்கள். சுமார் 5,000 பேர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! தமிழில் இதைவிடக் கொடுமையான சொற்சேர்க்கை எனக்குத் தெரிந்து இல்லை. கடைசிவரை இருந்த சுமார் 850 பேருக்கும் நவம்பர் 1-ல் வேலை முடிந்தது. நோக்கியா ஆர்டரை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த டிசம்பரில் மூடியது. அங்கே சுமார் 1,700 பேர்.

வரி கேட்டது தப்பா? அந்தப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம், இந்தப் பக்கமும் இருக்கலாம். நான் கவனித்தது வேறு. தொழிலாளர்கள் அப்போது என்ன கேட்டார்கள்? வழக்கு வழக்காக நடக்கட்டும், ஆலை ஓடட்டும் என்றார்கள். சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள், மனு மேல் மனு கொடுத்தார்கள். ஆனால் வழக்கில் அவர்கள் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. விற்பனை ஒப்பந்தத்திலும் இல்லை. 2005 ஒப்பந்தத்திலும் இல்லை.

இதன் கடைசிக் காட்சி 2018-ல். இந்தியாவும் பின்லாந்தும் இரட்டை வரி ஒப்பந்தப்படி பேசி, சுமார் 20 கோடி யூரோவுக்கு அந்த ராயல்டி வரித் தகராறை முடித்துக்கொண்டன. பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்தான் என்பது நிரூபணம் ஆனது. நாலு வருஷம் பிந்திவிட்டது, அவ்வளவுதான். வரித்துறைக்குப் பணம் கிடைத்தது, கம்பெனிக்குச் சொத்து திரும்பியது. 2019-ல் அந்த ஆலையைச் சால்காம்ப் வாங்கும் அறிவிப்பும் வந்தது. 6,600 பேருக்கு என்ன திரும்பியது?

மறுபடியும் அதே சாலை

காலி இடம் ரொம்ப நாள் காலியாக இருக்கவில்லை. ஃபாக்ஸ்கான் திரும்பி வந்தது, 2019 வாக்கில் சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன் செய்யத் தொடங்கியது. மறுபடியும் பெரும்பாலும் பெண்கள். பலர் காண்ட்ராக்டர்கள் மூலம் எடுக்கப்பட்டவர்கள், கம்பெனி ஏற்பாடு செய்த விடுதிகளில் தங்கியவர்கள்.

2021 டிசம்பரில் ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் 250-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு உடம்பு முடியாமல் போனது. 159 பேர் ஆஸ்பத்திரியில். யாரோ இறந்துவிட்டார்கள், மறைக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. அது பொய்தான். ஆனால் தோழி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கேட்டால் சரியான பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வதந்திதான் பரவும். டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது ஒப்பந்தச் சங்கிலியை எண்ணுங்கள். ஆப்பிளுக்கும் ஃபாக்ஸ்கானுக்கும் ஒன்று. ஃபாக்ஸ்கானுக்கும் ஆள் சப்ளை பண்ணுகிறவருக்கும் ஒன்று. விடுதிக்காரருக்கு ஒன்று, சாப்பாட்டுக் காண்ட்ராக்டருக்கு ஒன்று. கடைசியில் தட்டோடு வரிசையில் நிற்கிற பெண். குழம்பு சரியில்லை என்றால் அவள் யாரிடம் சொல்ல வேண்டும்? ஆப்பிளின் விதித் தொகுப்பில் தங்குமிடம் பற்றி வாசகங்கள் உண்டு. ஆனால் நெடுஞ்சாலை மறியலுக்குப் பிறகுதான் சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் அறிவித்து, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ல் தான் ஆலை மறுபடி திறந்தது.

அந்த மறியலுக்குப் பலன் இருந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பிரம்மாண்டக் குடியிருப்பைச் சிப்காட் கட்டித் திறந்தது. பாராட்ட வேண்டிய விஷயம். அதே 2024-ல் இன்னொரு செய்தியும் வந்தது. கல்யாணம் ஆன பெண்களை ஐபோன் ஆலை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் ஜூனில் எழுதியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. கம்பெனி மறுத்தது. இருபது வயதில் பாயும் படுக்கையும் கொடுத்து, கல்யாணம் ஆனதும் கதவைச் சாத்துவது நடந்தால், அதற்குப் பேர் வேலை வாய்ப்பா?

நூறு வருஷப் பழைய சண்டை

2024 செப்டம்பர் 9-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம். 2007-லிருந்து நடக்கிற ஆலை. ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் செய்யும் சுமார் 1,500 பேர் 37 நாள் வெளியே நின்றார்கள். கேட்டது முதலில் சம்பளம்கூட இல்லை, சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. சங்கத்தின் பேரில் "சாம்சங்" என்று வரக்கூடாது, அது எங்கள் வணிக முத்திரை என்று கம்பெனி ஆட்சேபித்தது. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27-ல் தான் பதிவு கிடைத்தது.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் சேர்ந்து நடத்திய, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. பின்னி கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள் என்று சங்கத் தலைவர்கள் மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. மறுபடியும் ஒப்பந்தச் சட்டம்! அந்த வழக்கின் அதிர்ச்சியில்தான் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குப் பாதுகாப்புக் கேட்டார். அதன் விளைவுதான் 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம். சென்னைத் தொழிலாளர்கள் பட்ட அடியால் நாட்டுக்கே ஒரு பதிவு உரிமை கிடைத்தது. அதே உரிமைக்காக, கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, பெரம்பூருக்குப் பக்கத்திலேயே 37 நாள் நிற்க வேண்டியிருந்தது.

நூறு வருஷம் என்றதும் இன்னொன்று. 1923 மே 1-ல் சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறாவது வருஷம், 2023 ஏப்ரல் 21-ல், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியது, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மே 1-ல் முதலமைச்சர் வாபஸ் அறிவித்தார். எதிர்ப்பு இல்லாவிட்டால் நூற்றாண்டுப் பரிசு நமக்கு அதுதான்!

இப்போது என்ன?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. நான் மேலே சொன்ன 1926, 1947, 1948 சட்டங்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. அதில் நல்லதும் உண்டு. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். 51 சதவீத ஆதரவு உள்ள சங்கத்தை நிர்வாகம் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வேண்டும். ஆனால் ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் அரசின் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகிவிட்டது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் நோட்டீஸ் இனி எல்லாத் தொழிற்சாலைக்கும் பொது. 2005-ல் ஒரு கம்பெனிக்குச் சலுகையாகக் கொடுத்தது, இருபது வருஷத்தில் நாட்டுக்கே சட்டம்.

தமிழ்நாட்டின் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 2024–25-ல் 1,400 கோடி டாலரைத் தாண்டியது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில். கம்பெனிகள் இன்னும் வரும், வர வேண்டும். வேலை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. பொறுப்பான வணிகம் என்பதற்கு நான் எழுதும் விடை ஒரே வரிதான்: ஒப்பந்தம் போடும் மேசையில் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி வேண்டும். அரசு சலுகை கொடுக்கும்போதே, கம்பெனி போகும்போது தொழிலாளிக்கு என்ன என்பதையும் எழுதி வாங்க வேண்டும். விடுதிச் சாப்பாட்டிலிருந்து ஷிப்ட் டார்கெட் வரை கேள்வி கேட்க அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு ஆள் இருக்க வேண்டும்.

அது வரும் வரைக்கும், அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற மக்களுக்கு ஒரு சின்னப் பட்டியல். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்:

1. நியமனக் கடிதம் கம்பெனி பேரிலா, காண்ட்ராக்டர் பேரிலா?
2. "டிரெய்னி" என்றால் எத்தனை மாதம்? அதற்குப் பிறகு என்ன? எழுத்தில் இருக்கிறதா?
3. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் எப்போது கிடைக்கும்? விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள்?
4. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் சட்டம். சீட்டில் அது தனியாக வருகிறதா?
5. இயந்திரம் மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிட வேண்டும்? லைனை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டா?
6. ஆட்குறைப்பு வந்தால், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். டிரெய்னியாக இருந்த காலம் அதில் சேருமா?

ஐந்து மார்க் கேள்வியில் தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன். ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். அண்டி ஆபீஸில் வேலை பார்த்த அம்மா, ஆச்சி உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். அடுத்த கட்டுரை அதைப் பற்றித்தான்.